மாற்றவில்லை, சேர்த்தாராம்

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். போன வாரமும் நலம்தான், பேச்சு மட்டும் இல்லை. "எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்திட்டா" என்று உங்கள் தம்பி உங்களுக்குப் போன் போட்டாராமே. என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பஸ் டிப்போவில் நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாகங்கள் அவர் பொறுப்பு, உள்ளே ஓடும் மென்பொருள் என் பொறுப்பு. அது திடீர் திடீரென்று படுத்துவிட ஆரம்பித்தது. படுத்தால் எல்லா பஸ் பலகையிலும் 'சேவையில் இல்லை' என்று வந்துவிடும், ஏறி உட்கார்ந்த சனம் இறங்கி நின்று டிரைவரைத் திட்டும், டிரைவர் மேலாளரைத் திட்டுவார், மேலாளர் நேரே என் மேசைக்கு வந்து பெருமூச்சு விடுவார். நல்லவேளையாக அந்தக் கம்ப்யூட்டர் விழும்போது, அந்த நொடியில் தன் மெமரியில் இருந்ததையெல்லாம் டிஸ்கில் கொட்டிவிட்டுத்தான் விழும். அதைப் படித்தால் ஏன் விழுந்தது என்று தெரிந்துவிடும். மெமரியில் எது எங்கே இருக்கிறதென்று தொடங்கும்போதே ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் கொட்டும். நானும் கண் வலிக்கப் படித்தேன். பாதிக் கதை இருக்கிறது, முக்கியமான இடம் வந்ததும் ஒன்றுமே இல்லை. உங்கள் தம்பியிடம் போய்க் கேட்டேன்.

"பாகம் ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் எதையும் மாத்தல."

கட்டின புருஷன் சொல்கிறாரே என்று நம்பி, என் மென்பொருளையே சந்தேகப்பட்டு, சோறு தண்ணி இறங்காமல் தேடினேன். கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே புத்தம்புது மெமரி அட்டை பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

"இதுவா? மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே மாட்டினேன். நிறுத்தவே இல்ல, தெரியுமா," என்றார், முகமெல்லாம் பெருமை.

"மாத்தலன்னு சொன்னீங்களே."

"மாத்தல. சேர்த்தேன்."

அண்ணி, நீங்களே சொல்லுங்க, இதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஓடும்போதே மாட்டியதால் வரைபடத்துக்கு அந்த அட்டை இருப்பதே தெரியாது. பழைய வரைபடத்தைப் பார்த்துக் கொட்டிவிட்டுப் புதுசை அம்போ என்று விட்டுவிட்டது. அப்போது டிப்போ ஆட்கள் காதில் விழ நான் சொன்ன நாலு வார்த்தைதான் அவர் சொல்கிற அசிங்கம்.

அப்புறம் பேச்சில்லாத அந்த வாரத்தில், பாகம் ஏறினாலும் இறங்கினாலும் வரைபடம் தானாகவே புதுசாகிற மாதிரி ஒரு நிரல் எழுதினேன். சோதிக்க அவர் வேண்டுமே. வந்தார். இன்னொரு அட்டையைத் தூக்கிக் காட்டினார், தலையாட்டினேன், மாட்டினார், திரையில் வரைபடம் மாறியது. "வந்துடுச்சா?" என்றார். "வந்துடுச்சு," என்றேன். அதோடு ரெண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பிறகு அது எப்போது விழும் என்று காத்துக்கிடந்தோம். முந்தாநாள் மதியம் விழுந்தது. தலையில் கைவைத்தபடி மேலாளர் ஓடிவந்தால், நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் கொட்டியிருந்தது. படித்துவிட்டு, "டிரைவர்தான் சார் காரணம், ரொம்பப் பழசு, மாத்தணும்," என்றேன். டிக்கெட் மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதைச் சொல்வதற்குள் மேலாளர் இருப்பதிலேயே மூத்த பஸ் டிரைவரை வரவழைத்துவிட்டார். "நான் இந்த ரூம் பக்கமே வந்ததில்லைங்க," என்றார் அந்த மனுஷர், பாவம். விளக்கிச் சொன்னதும் அவர்தான் அதிகம் சிரித்தார். டிரைவரை, மென்பொருளைத்தான், மாற்றியாயிற்று. இப்போது எல்லா பஸ்ஸும் ஒழுங்காக ஓடுகிறது.

ஆகவே அண்ணி, உங்கள் தம்பியை ஒன்றும் சொல்லாதீர்கள். தங்கமான மனுஷர், இனி எதைத் தொட்டாலும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

பிரியமுள்ள,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் தம்பி வந்து நிற்கிறார். கொட்டுவதையெல்லாம் வாங்கி வைக்கிற டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டதாம், நேற்றே கழற்றிவிட்டு வேறு மாட்டினாராம். என் நிரலுக்கு மெமரியைத்தான் பார்க்கத் தெரியும், டிஸ்கைப் பார்க்கத் தெரியாது. இனி விழுந்தால் எங்கே போய்க் கொட்டும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால், "நீ சந்தோஷமா இருந்தே, கெடுக்க வேண்டாம்னு பாத்தேன்," என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது. அதனால் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், திட்டுகிற வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.