சூப்பிரண்டுக்கு மாத்திரை

இனி என் வாய்க்குள் ஒரு மாத்திரை நுழையாது என்று எண்பத்து நான்காம் ஆண்டு தை மாதம் அறிவித்தேன். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. நோட்டீஸ் அடித்து, திண்டிவனம் பஸ் நிலையத்தில் என் கையாலேயே கொடுத்தேன்.

காரணம் உண்டு. விழுப்புரத்தில் நெல்லுக்கு விலை கேட்டு நடந்த கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவன் மேடையிலேயே மயங்கி விழுந்தேன். ரத்தக் கொதிப்பு என்றார்கள். கொதிக்காதா? என்னோடு கொடி பிடித்தவன் எல்லாம் இன்று கார் வைத்திருக்கிறான். நான் கொடிதான் வைத்திருக்கிறேன். வைத்தியம் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "தினம் காலையில ஒரு மாத்திரை போடு. கத்தறத நிறுத்து." போடு! நிறுத்து! மூன்று முறை சிறை சென்றவனை ஒருமையில்! 'மரியாதை தெரியாதவர் தரும் மாத்திரையைப் புறக்கணிப்போம்' என்று நோட்டீசுக்குத் தலைப்பு வைத்தேன். புறக்கணிப்பில் இதுவரை கலந்துகொண்டவர் ஒருவர்.

என் மனைவி செண்பகம் அந்த நோட்டீசில் மல்லாட்டைக் கடலையைப் பொட்டலம் மடித்தாள்.

"இன்னாங்க, மறுபடியும் மயங்கி வுழுந்தா யாரு தூக்கறது? சூப்பிரண்டு வந்து தூக்குமா?"

சூப்பிரண்டு என்பது எங்கள் நாய். சிறையில் நான் உண்ணாவிரதம் இருந்தபோது சூப்பிரண்டு ஒருவர் கஞ்சிக் குவளையோடு என் எதிரில் வந்து நின்றார். மிரட்டினார். கெஞ்சினார். ஒரு மிடறு இறங்கவில்லை. அந்த வெற்றியின் நினைவாகத்தான் நாய்க்கு அவருடைய பதவியைச் சூட்டினேன். "சூப்பிரண்டு, உட்காரு!" என்று அதட்டும்போது நெஞ்சு குளிரும். அது ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயம் பார்த்து சூப்பிரண்டு எலும்பும் தோலுமாக இளைத்துப்போனது. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயிற்றில் பூச்சி என்று சொல்லி, சில நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

செண்பகம் இடுப்பில் கை வைத்தாள். "உங்க நாயி. நீங்களே குடுங்க. குடுத்துட்டீங்கன்னா இனிமே மாத்திரைன்ற பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலன்னா, டாக்டர் குடுத்தத நீங்க முழுங்கணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். எத்தனை முதலாளிகளை வழிக்குக் கொண்டுவந்தவன் நான்!

முதலில் பேச்சுவார்த்தை. "சூப்பிரண்டு, இது உன் நன்மைக்கு" என்று விளக்கினேன். கொட்டாவி விட்டது. சரியான சமயம் என்று மாத்திரையை உள்ளே எறிந்தேன். அது கொட்டாவியை முடித்துக்கொண்டு மாத்திரையைக் கீழே வைத்தது. இட்லிக்குள் ஒளித்துக் கொடுத்தேன். இட்லி போயிற்று, மாத்திரை மட்டும் பளபளவென்று திரும்பி வந்தது. கடைசியில் மண்டியிட்டு, அதன் தாடையை இரு கையாலும் பிடித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவுரியம்மாள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஊரில் எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தால் அது அவள்தான்.

"இன்னாண்ணே, நாய்கிட்ட மனு குடுக்கறீங்களா?"

"போராட்டம் நடக்குது. நீ போய் வேலையைப் பாரு."

"நடக்கட்டும், நடக்கட்டும். யாரு யாரை எதுத்துன்னு மட்டும் சொல்லிடுங்க, பாக்கறவங்களுக்கு பேஜாரா இருக்குது."

நான் விடவில்லை. மறுநாளும் மோதினேன். சட்டை கிழிந்தது, எனக்கு. அப்போதுதான் செண்பகம் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"ஏங்க, அதுக்கு நம்பிக்க வரலிங்க. தலைவர் முன்னால போனாத்தான் தொண்டன் பின்னால வருவான்னு மேடையில நீங்கதான சொல்றீங்க? மொதல்ல நீங்க சாப்ட்டுக் காட்டுங்க. அப்புறம் அது சாப்புடும்."

என் கொள்கையை என் வீட்டிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார்! கண் கலங்கிவிட்டது.

மரக்காணத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கேப்பைக் களி கிண்டி மூன்று உருண்டை பிடித்தாள். களியை மெல்லுகிறவன் எங்கள் பக்கத்துக்காரனே அல்ல. குழம்பில் தோய்த்தால் அப்படியே உள்ளே போக வேண்டும். முதல் உருண்டையை நான் விழுங்கிக் காட்டினேன். இரண்டாவது எங்கள் பூனை ராணிக்கு. நான் மன்னராட்சிக்கு எதிரானவன். பெயர் வைத்தது செண்பகம். தன் முறை வரும் முன்பே தீர்ந்துவிடும் என்று சூப்பிரண்டு பயந்துவிட்டது. மூன்றாவது உருண்டையை மாத்திரையோடு ஒரே வாயில் விழுங்கியது.

"வெற்றி!" என்று கூவினேன்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள் செண்பகம்.

எடுக்கவும் இல்லை. தினம் காலையில் களி வந்தது. நான், ராணி, சூப்பிரண்டு என்று வரிசையாக உட்கார்ந்து விழுங்கினோம். சூப்பிரண்டு தேறியது. எனக்கும் தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. வானூர் கூட்டத்தில் மைக் கெட்டுப்போயும் தொண்டை கிழியப் பேசினேன், காலும் தடுமாறவில்லை. புறக்கணிப்பின் மகத்தான பலன் என்று இரண்டாவது நோட்டீசுக்கு வாசகம்கூட எழுதிவிட்டேன்.

நாயின் மாத்திரை தீர்ந்தது. களி மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் காலை, தன் உருண்டையை முடித்த சூப்பிரண்டு என் உருண்டையையே பார்த்தது. நான் சமத்துவம் பேசுகிறவன். பாதிக்குப் பாதி என்று பிய்த்தேன்.

"ஐயோ, அதப் பிக்காதீங்க!" என்று அடுப்பங்கரையிலிருந்து ஒரு கத்தல்.

உருண்டையின் நடுவில், வெள்ளையாக, டாக்டரின் மாத்திரை.

"செண்பகம்! இன்னா இது?"

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

"கேக்கறேன்ல?"

"அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். விழுப்புரத்தில் கண் விழித்தபோது, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாளே, அதே பார்வை.

"வானூர்ல மயங்காம வந்தீங்கல்ல? ஜல்தி முழுங்குங்கண்ணே!" என்றது வேலி. எதிர்க்கட்சிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது!

இதற்கு மசிகிறவனா நான்? இந்த நிமிடம் முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் செண்பகம் உருண்டையைப் போட்டுவிட்டாள்.

களி அல்லவா, அதுவே போயிற்று. எதிரில் சூப்பிரண்டு, முதல் முறையாக உட்கார்ந்து, இறங்கிவிட்டதா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.