நாகசாமியின் சிவப்புத் திரை

நிலாவெளி வீதியில் ஓட்டோக்கள் வரிசை கட்டினால் நாகசாமி வந்துவிட்டார் என்று அர்த்தம். வெட்கமான இடத்து நோய் வருத்தங்களுக்கு அவர்தான் கதி. சாமி ஆளைப் பார்க்கவே மாட்டார். சிவப்புத் திரைக்குப் பின்னால் இருந்து, குரலைக் கேட்டே சாபத்தைக் கண்டுபிடித்துவிடுவார். படித்த டொக்டர்மார் பாவம், இன்னும் புண்ணைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள்!

சல்லி ஊர்க் கமலேஸ்வரிக்கு அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பி எரிந்தது. "கற்பு தவறின சாபம்" என்றார் சாமி. கடலுக்குப் போகும் புருஷன் குணரத்தினம் உடனே அவளுடைய பெட்டியை வாசலில் வைத்துவிட்டான். அவள் ஒரு பிழையும் செய்யாதவள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இது ஹெர்பிஸ் எண்ட கிருமி, பிள்ளை" என்றார் டொக்டர் அம்மா. "சிலருக்குக் கொப்புளம், சிலருக்குச் சின்னக் கீறல், சிலருக்கு வெறும் அரிப்பு. கனபேருக்கு ஒண்டுமே தெரியாது. உதட்டிலயும் வரும். வருசக்கணக்கா ஒளிச்சிருந்திட்டும் வரும். ஆர் கொண்டு வந்தது எண்டு புண்ணைப் பாத்துச் சொல்ல ஏலாது."

கீறலா! குணரத்தினத்துக்கு அந்த இடத்தில் அடிக்கடி வந்து போவதும் அதுதானே? தோணிப் பலகை உரசியது என்பான். சாமியும் "கடல் சூடு" என்று நூல் கட்டி அனுப்பியிருந்தார். வீட்டுக்குத் திரும்பிப் புருஷனிடம் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, நான் போறன். அதுக்கு முதல் ஒருக்கா சாமியிட்ட வாங்கோ. என்ர வருத்தத்தை உங்கட எண்டு நீங்கள் சொல்லுங்கோ, உங்கட வருத்தத்தை நான் சொல்லுறன்."

சாமியின் திரைக்கு முன்னால் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "சாமி, கொப்புளம், எரிவு" என்றான் குணரத்தினம்.

"கடல் சூடு, தம்பி!"

"சாமி, எனக்குச் சின்னக் கீறல் மட்டுந்தான்" என்றாள் அவள்.

"கற்பு தவறின சாபம்!"

குணரத்தினத்தின் முகம் கறுத்தது. கமலேஸ்வரி விடவில்லை. "அண்டைக்குக் கொப்புளத்துக்கெல்லோ கற்பு போனது சாமி? இண்டைக்குக் கீறலுக்கும் போயிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே திரையை இழுத்தாள்.

சாமி சட்டென்று சால்வையால் வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது. கீழ் உதட்டில் கொத்தாகக் கொப்புளம். மடியில் பார்மசிக் களிம்பு!

"அப்ப இது ஆரின்ர கற்பு போனதால வந்தது, சாமி?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குணரத்தினம் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலில் கிடந்த அவளுடைய பெட்டியைத் தானே உள்ளே தூக்கி வைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஊருக்குள் வருத்தம் வந்தால் பெண்ணின் நடத்தையைத் தோண்டுகிற மகான்களே, முதலில் உங்கள் வேட்டிக்குள் என்ன இருக்கிறதென்று டொக்டரிடம் காட்டுங்கள். நேரமிருந்தால் மண்டைக்குள் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.