சுண்ணாம்பு நைனாவின் ஏழாம் வீடு

நவக்கிரகங்களை வாசலுக்கு வரவழைத்து மிரட்டிய மனிதர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். வேலப்பன்சாவடியில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். சுண்ணாம்பு நைனா என்றால் பூந்தமல்லி வரைக்கும் தெரியும். மழை வரும் என்று யாராவது சொன்னால் போதும், சுண்ணாம்பை மூடாமலே விடுவார். அது நனைந்து புகை கிளப்பும்போதும், "இது மழையில்ல, தூத்தல்" என்பார்.

வெள்ளைக்காரன் காலம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து போய் அவர் மகள் கன்னியம்மாவைப் பெண் பார்த்தோம். மாப்பிள்ளை நான்தான், அவள் என்னிடம் என்னத்தைக் கண்டாள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. ஜாதகத்துக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வர என் பெரியப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பொண்ணுக்கு ஏழாம் வீட்ல செவ்வாய் கீது. கட்டிக்கிறவன் தங்கமாட்டான்" என்றார்.

"செவ்வாய் தானா வந்து குந்திக்கினா எம் பொண்ணு இன்னா பண்ணும், சம்பந்தி?"

"நான் இன்னும் சம்பந்தி ஆவல."

"ஆவறதுக்குத்தானே பேசிக்கினு கீறோம்."

நைனா ஒரு கூடை சுண்ணாம்புத் தூளை அள்ளிவந்து, களத்தில் ஜாதகம் போலவே பன்னிரண்டு கட்டம் போட்டார். லக்கினக் கட்டத்தில் மகளை நிறுத்தினார். "ஏழாவது எது, காட்டு."

பெரியப்பாவுக்கு ஜோசியம் தெரியும் என்ற நினைப்பு உண்டு. லக்கினத்தை ஒன்று என்று வைத்து, எண்ணிக்கொண்டே கட்டம் கட்டமாக நடந்தார். ஏழாவது அவளுக்கு நேர் எதிரே இருந்தது. "இதான் புருஷன் ஸ்தானம்" என்று விளக்கமும் கொடுத்தார்.

"அங்கியே நில்லு. இப்போ நீதான் செவ்வாய். எம் பொண்ணப் பாத்துக்கினே இரு. எத்தக் கெடுக்கறேன்னு நானும் பாக்கறேன்."

வெளியே வந்தால் தோற்றதாகிவிடும். பெரியப்பா நின்றார். சித்திரை வெயில். எனக்கு எந்தக் கட்டமும் ஒதுக்கப்படாததால் நான் ஓரமாக நின்றேன். வியர்வையைத் துண்டால் துடைத்துத் துடைத்து, கடைசியில் துண்டையே பிழிய வேண்டியதாயிற்று பெரியப்பாவுக்கு. கன்னியம்மா தகப்பனாரைக் கேட்கவில்லை. உள்ளே போய் மோர் எடுத்துவந்தாள். கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டே நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

"குடிங்க மாமா."

செவ்வாய் ஒரே மூச்சில் குடித்தது. பிறகு, "இன்னொரு சொம்பு கீதாம்மா?" என்றது.

ஆனியில் கல்யாணம்.

ஜாதகத்தைக் களத்தில் போட்டுக் கேலி செய்த நைனா, அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வருவார். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்பார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. என்னை மேலும் கீழும் பார்ப்பார். "இருமல் கிருமல் உண்டா?" என்பார். இல்லை என்றதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார்.

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் செவ்வாய்க்கிழமை இருமினால் வாசலைப் பார்க்கிறேன்.