இடப்பக்கம் திரும்பாத வண்டி

கோதண்டபாணி சபதம் போட்டார். சும்மா வாய்ச் சபதம் இல்லை. வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டு, நுரையோடு போட்ட சபதம்.

"தலையே போனாலும் சரி! பொண்டாட்டி வண்டி ஓட்ட, நான் இடப்பக்கம் குந்திக்கினு போற ஆளு கெடையாது. எழுதி வெச்சுக்கோ!"

எழுதி வைத்துக்கொள்ள எதிரே ஆள் இல்லை. கண்ணாடிதான் இருந்தது. இதையெல்லாம் மனைவியிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்த அனுபவம் இருபத்தாறு வருஷம் இருக்கிறது ஐயா. ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை.

நடந்தது இதுதான். முந்தாநாள் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே டிரைவிங் லைசென்ஸ். அதில் அவர் மனைவி அம்சவேணியின் படம். ஒரு மாதமாக விடியற்காலையில் "நெசவு சொசைட்டி வரைக்கும் போய்ட்டு வந்துடறேங்க" என்று கிளம்பினாளே, அந்தச் சொசைட்டிக்கு நான்கு சக்கரமும் மண்டையில் ஒரு எல் போர்டும் இருந்த சங்கதி அப்போதுதான் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம திருப்புட்குழில அக்கா பொண்ணு சந்தியாவுக்கு நிச்சயதார்த்தம். நம்ம கார நான்தாங்க ஓட்டப்போறேன். நீங்க பக்கத்துல ஜம்முனு குந்திக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குத் தறிக்குழியில் காலை விட்டு நெய்ய ஆரம்பித்துவிட்டாள்.

ஜம்மென்று குந்துவதாம்! கோதண்டபாணி யார்? பிள்ளையார்பாளையத்தில் ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். எந்த விசேஷத்திலும் யாருக்கு மெத்தை நாற்காலி, யாருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி என்று முப்பது வருஷமாகத் தீர்ப்புச் சொல்லி வருபவர். மனுஷனுடைய மரியாதை அவன் உட்காருகிற இடத்தில் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். போதாததற்கு, ராஜ வீதி டீக்கடையில் தன் சிநேகிதர் குமாரசாமியிடம், "உன் வூட்ல வேணும்னா பொம்பளைங்க ஓட்டுவாங்கப்பா. என் வூட்ல சாவி என் இடுப்புலதான்" என்று போன வாரம்தான் அளந்துவிட்டு வந்திருந்தார்.

யோசித்தார். போனில் ஒரு வீடியோ வந்தது. 'வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் சத்தம் வருகிறதா? சக்கரத்து ஜாயின்ட் போயிருக்கலாம். அலட்சியம் வேண்டாம்!' என்றான் அதில் ஒருவன். அலட்சியம் செய்வாரா நம்மாள்? அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்.

ஒரு நீளமான தகர டப்பா. அதில் மூன்று கோலிக் குண்டு. டப்பாவின் இடது முனையில் மட்டும், அம்சவேணியின் கூடையிலிருந்து கிள்ளிய பட்டுக் கழிவு நூலை மெத்தென்று அடைத்தார். வண்டியின் பின்பக்கம் ஸ்டெப்னி டயருக்கு அடியில் டப்பாவைக் குறுக்காக வைத்தார். வண்டி வலப்பக்கம் திரும்பினால் குண்டுகள் இடது ஓரம் ஓடி நூலில் படுத்துக்கொள்ளும். இடப்பக்கம் திரும்பினால் வலது ஓரம் ஓடித் தகரத்தில் மோதும். மூளை என்றால் அது மூளை. கல்யாண வீட்டுக் கணக்கில் பத்து நாற்காலியைத் தொலைக்கிற மூளை இதில் மட்டும் எப்படி வேலை செய்ததோ!

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காய்கறி வாங்கப் போனார். தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்தார்.

கடகடகட... டங்!

"இன்னாங்க சத்தம்?"

"வந்துடுச்சா?" கோதண்டபாணி முகத்தில் சாவு வீட்டுக் களை. "ரெண்டு நாளா வருதும்மா. உனக்கு சொல்லி பயமுறுத்த வேணாம்னு இருந்தேன். சக்கரத்து ஜாயின்ட் போயிடுச்சு."

"மெக்கானிக்குகிட்ட காட்டறதுதான?"

"காட்டாம இருப்பனா? தேவசகாயம் பாத்துட்டு கையையே பெசஞ்சுட்டான். அனுபவஸ்தன் ஓட்டினாத்தான் தாங்கும், புது கை பட்டுது, சக்கரம் தனியா வண்டி தனியான்னுட்டான்."

"எப்ப பாத்தாரு?"

"நேத்து."

"தேவசகாயம் வேளாங்கண்ணிக்கு நடந்து போயி நாலு நாளாவுதே."

மாட்டிக்கொண்டார் கோதண்டபாணி. அதற்காகப் பின்வாங்குகிற ஜாதியா அவர்? "போன்ல கேட்டுக்கினே சொன்னாம்மா! சத்தத்த வெச்சே சொல்றான், அப்பேர்ப்பட்ட கை அவனுது!"

மார்க்கெட் முனையில் அவர் மறுபடியும் இடப்பக்கம் ஒடித்தார். வழியில் வலப்பக்கத் திருப்பம் ஏதும் வரவில்லை. சத்தமும் வரவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. சத்தம் போட வேண்டிய குண்டுகள் ஏற்கெனவே வலது ஓரத்தில் சுகமாகக் கிடந்தன. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் எங்கே இழை அறுந்தது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை சோறு போடும்போது கேட்டாள்.

"இடப்பக்கம் திரும்பினாத்தான் சத்தமா?"

"ஆமா."

"வலப்பக்கம்?"

"வலப்பக்கம் ஒண்ணுமே இல்ல. கொழந்த மாதிரி போவும்." தன் டப்பாவின் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு கர்வம். விட்டுக்கொடுக்க மனசு வருமா?

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம இடப்பக்கமே திரும்பாம நான் ஓட்டறேன்."

கோதண்டபாணிக்குச் சாம்பார் புரையேறியது. "வெளையாடறியா? இடப்பக்கம் திரும்பாம ஒருத்தன் எப்படி ஊர் போவ முடியும்?"

"காஞ்சிபுரத்துல பொறந்துட்டு கேக்கற கேள்வியா இது? இந்த ஊர்ல சாமியே வலமாத்தான் சுத்துது. தேரு எப்பனா இடப்பக்கம் திரும்பி பாத்துக்கிறீங்களா?"

"நான் ஓட்டறேனே! அனுபவஸ்தன்!"

"ஜாயின்ட் போன வண்டில உங்கள ஓட்ட வுட்டுட்டு, எனக்கு தாலி வாணாமா?"

"பஸ்ல போலாம்!"

"இருவத்தொரு சீர்த்தட்டு. பஸ்ல யாரு மடியில வெக்கறது, கண்டக்டர் மடியிலயா?"

சனிக்கிழமை முழுக்க அவர் வண்டியைத் தொடவில்லை. நோயாளி வண்டியை எடுத்தால் சந்தேகம் வருமே என்று சைக்கிளில் போனார். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒரு தைரியம். இடப்பக்கம் திரும்பாமல் எவளாலும் பத்து நிமிஷம் ஓட்ட முடியாது. ஒரு டங் கேட்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டுகள் பின் சீட்டில். அம்சவேணி அரக்குப் பட்டில் ஸ்டீரிங் முன்னால். கோதண்டபாணி வேட்டி மடிப்புக் கலையாமல் இடப்பக்கக் கதவருகே நின்றார்.

"ஒரே கண்டிஷன். டங்னு ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் கேட்டுது, வண்டிய நிறுத்திட்டு எடம் மாறிக்கணும். அப்புறம் ஆயுசுக்கும் சாவி கேக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். கேக்கலன்னா?"

"கேக்கலன்னா..." கேட்காமல் எங்கே போகும்? "சாவி உன்னுது!"

ஏறினார். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தெருமுனையில் இடப்பக்கம் போனால் மெயின் ரோடு. அம்சவேணி வலப்பக்கம் ஒடித்தாள். அடுத்த சந்தில் வலப்பக்கம். அடுத்ததிலும் வலப்பக்கம். மெயின் ரோடு தானாக எதிரே வந்து நின்றது. மூன்று வலம் போனால் ஒரு இடம் என்கிற கணக்கு கோதண்டபாணிக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பரவால்ல, பரவால்ல" என்று பேப்பருக்குள்ளிருந்து முனகினார். "ராஜ வீதில பாத்துக்கலாம்."

கோயிலை நாலு பக்கமும் சுற்றி வருகிற ராஜ வீதியில் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்க்கவில்லை, ஊர் பார்த்தது. முகூர்த்த சீசன். பட்டு எடுக்க வந்த ஜனம் நடுரோட்டில். வண்டி ஊர்ந்தது. காற்றடித்துப் பேப்பர் பறந்தது. டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்ற குமாரசாமி அவரைப் பார்த்துவிட்டார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

கோதண்டபாணி நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு தடவைதானே? போகட்டும், சாயங்காலம் ஏதாவது கதை சொல்லிக்கொள்ளலாம்.

நாலாவது மூலையில் வெளியே போகும் ரோடு இடப்பக்கம் இருந்தது. அம்சவேணி வலப்பக்கம் திரும்பினாள். மறுபடியும் டீக்கடை. இப்போது குமாரசாமியோடு ஆறு பேர்.

"இன்னாடி இது! வெளிய போ!"

"இடப்பக்கம் இல்ல வருது? ஜாயின்ட் போயிடுச்சுங்களே. அடுத்த சுத்துல வேற வழி பாக்கறேன்."

"அடுத்த சுத்தா?"

"ரெண்டோட நிறுத்தலாமா? கோயில சுத்தறோம், ஒத்தப்படையா சுத்த வேணாமா? நல்ல காரியத்துக்கு போறோம் இல்ல?"

மூன்றாவது சுற்று. டீக்கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. குமாரசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டி பக்கத்தில் வந்ததும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உற்சவரு எழுந்தருள்றாருப்பா, வழி வுடுங்க!" என்று ஒரு குரல். தேங்காய் உடைக்கச் சொன்னது இன்னொரு குரல். கோதண்டபாணிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. வீரன் என்றால் வீரன்.

"மூணு ஆச்சுங்க" என்றாள் அம்சவேணி. "அஞ்சா பண்ணிட்டா இன்னும் விசேஷம். சந்தியாவும் நல்லா இருப்பா."

வீரம் அவ்வளவுதான்.

"ஐயோ, ஜாயின்ட்டும் போவல ஒண்ணும் போவல! டப்பாடி அது! கோலி குண்டு! நாந்தான் வெச்சேன்! இடப்பக்கம் திரும்பித் தொலை!"

அம்சவேணி இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். அழகாக இடப்பக்கம் திரும்பினாள்.

சத்தமே இல்லை.

கோதண்டபாணி பின்னால் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் பின்னால் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமயே எடுத்துட்டேன்" என்றாள். "மொத திருப்பத்துல சத்தம் வருது, ரெண்டாவதுல வரல. ஜாயின்ட் போயிருந்தா ரெண்டுக்கும் வரணும். இன்னாடான்னு பின்னாடி பாத்தா, என் கூடை நூலு, எங்கிட்டயே வெளையாட்டு."

"அப்ப எதுக்குடி என்ன மூணு சுத்து சுத்த வெச்ச?"

"இடப்பக்கம் குந்த மாட்டேன்னு கண்ணாடிகிட்ட சத்தியம் பண்ணீங்களே. கொஞ்சம் பழகட்டும்னுதான்."

திருப்புட்குழி வரை கோதண்டபாணி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். மண்டப வாசலில் இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினார். எவனாவது சிரிக்கட்டும், அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். "அடேங்கப்பா! அம்மாவே ஓட்டிக்கினு வந்தாங்களா? எங்க கத்துக்கினாங்க?"

கோதண்டபாணி சண்டைக்கு வாயைத் திறக்குமுன் அம்சவேணி முந்திக்கொண்டாள். "எல்லாம் இவருதாங்க. பக்கத்துல குந்தி கத்துக் குடுத்தாரு. பொறுமைன்னா அப்படியொரு பொறுமை."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இப்படி ஒரு பார்வை அவர்மேல் விழுந்து எத்தனை வருஷமாயிற்று! மாப்பிள்ளை வீட்டார் மெத்தை நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். கோதண்டபாணி அதில் சாய்ந்தார். மீசையை நீவினார்.

"ஒரே மாசம்!" என்றார் சத்தமாக. "ஒரே மாசத்துல ஆளாக்கிட்டேன். பொம்பளைங்களுக்கு வராதுன்றதெல்லாம் சும்மா. சொல்லிக் குடுக்கறவன் ஆம்பளையா இருக்கணும்!"

விசேஷத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு துர்கா எழுந்தாள். "எங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா மாமா?"

"கேக்கணுமா? வாங்க! தெருவே வாங்க! கோதண்டபாணி சொன்னா சொன்னதுதான்!"

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தார். வாசலில் வரிசையாகப் பெண்கள். முன்னால் துர்கா, அடுத்து பூக்கடைக் கங்கையம்மாள், அவளுக்குப் பின்னால், சாட்சாத் குமாரசாமியின் மனைவி. அம்சவேணி டிரைவர் சீட்டில் துர்காவை உட்காரவைத்துவிட்டு, அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி என்று, ஆறு மாதத்துக்கு அட்டவணை.

"நேத்து ராத்திரி குந்தி இவ்ளோ எழுதுனியா?" என்று கேட்டபடி காகிதத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.