மிஸ் கவிதாவின் நாலு ரிங்கு

புரியாத பேச்சுக்கும் தலையாட்டுவேன். அது என் பழக்கம். (கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஆட்டினேன்.)

கெலாங் பாத்தா பக்கம், மருந்து சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மிஸ் கவிதா அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண். அன்று சாப்பிடப் போகும்போது சொன்னார்.

“அண்ணே, என் ரிங்கு நாலும் அந்தத் தட்டுல இருக்கு. பாத்துக்குங்க லா. யாரும் தொடக் கூடாது.”

தலையாட்டினேன்.

போய்ப் பார்த்தேன். தட்டில் தண்ணீர். அதில் வெட்டிப்போட்ட மீ நூடுல்ஸ் போல நாலு துண்டு. மோதிரம் இல்லை.

அறையில் நான் ஒருவன்தான். வேலை போனால் வேறு வேலை. திருடன் என்ற பெயர் போகுமா?

மீயைத் தொட்டியில் கொட்டினேன். அடியில் ஒட்டியிருக்குமோ என்று தட்டைக் குழாயில் காட்டிக் கழுவினேன். தட்டு பளபளத்தது. அவ்வளவுதான்.

மிஸ் வந்தார்.

“ரிங்கு எங்கண்ணே?”

“நான் எடுக்கல மிஸ். சாமி சத்தியமா. பைய வேணா பாருங்க.”

பையைக் கவிழ்த்தேன். தோள் துண்டும் சாப்பாட்டு டப்பாவும் விழுந்தன.

“பையில ஏன் இருக்கப்போவுது? அது எலியோட ரிங்குண்ணே!”

“எலி மோதிரம் போடுமா மிஸ்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

பிறகு விளக்கினார். எலியின் ரத்தக்குழாயை வளையமாக நறுக்கி, கொக்கியில் மாட்டி, வெதுவெதுப்பான உப்பு நீரில் தொங்கவிடுவார்களாம். மருந்து விட்டதும் அது சுருங்குகிறதா, தளர்கிறதா என்று கம்ப்யூட்டரில் கோடு காட்டுமாம். அந்த வளையத்துக்குத்தான் ரிங்கு என்று பேராம்.

தொட்டி வலையில் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்து மாட்டினார். மருந்து விட்டார். இருவரும் கோட்டையே பார்த்தோம். அது ஏறவில்லை.

“செத்துப்போச்சு. பைப்புத் தண்ணி இதுக்கு ஆகாது.”

“எலி அப்பவே செத்துச்சே மிஸ்?”

“எலி காலையில செத்துச்சு. இது இப்பத்தான் செத்துச்சு.”

(இது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

பெரிய டாக்டர் வந்தார். சீனர். மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.

“அலமாக்!” என்று தலையில் கைவைத்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. அவருக்கு மறுநாள் புது எலியோடு முதலிலிருந்து வேலை.

என் வேலை தப்பியது. பெரிய டாக்டர் இன்றும் என்னைக் கண்டால் தன் மோதிர விரலைப் பொத்திக்கொள்கிறார்.

வீட்டில் இன்னும் மோசம். சோத்தோங் கணவாயை வட்ட வட்டமாக நறுக்கும்போதெல்லாம் என் மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“ஏங்க, நகைக்கடை தொறந்தாச்சு. வெரல் அளவு பாக்க வாங்க!”