ஆவியாகிப் போன வாகனங்கள்

அன்பும் மதிப்பும் மிக்க மூத்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சுகம். ஓட்டிப் பழகச் சொல்லி நீங்கள் விட்டுச்சென்ற காரும் சுகம். இடது பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை. அவ்விடம் நீங்களும் என் மகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. மாப்பிள்ளை, ஜெயித்துவிட்டோம்! எங்கள் தெருவை வண்டிகளுக்கு நிரந்தரமாக மூடுகிறார்கள். குறுக்கு வழி என்று நுழையும் லாரிகளின் ஹாரனால் உங்கள் அத்தை தூக்கமில்லாமல் தலைவலியோடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நான் மனு மேல் மனு போட்டு, செருப்புத் தேய நடந்து, கடைசியில் நகராட்சிப் பொறியாளர், "சோதனைக்கு ஒரு மாசம் மூடிப் பாக்கலாம் சார். ஆனா வண்டியெல்லாம் பக்கத்துத் தெருவுல போய் அடைச்சுக்கிட்டா மறுபடி திறந்துடுவோம்" என்றார். மூடுவதற்கு முந்தைய வாரம் இரண்டு தெருவிலும் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டார்கள். அதன் மேல் சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் எண்ணிக்கை ஏறும். எங்கள் தெருக் குழாய் சரியாக நம் வீட்டு வாசலில்.

அந்த வாரம்தான் நான் கார் பழக ஆரம்பித்தேன். முன்னால் போவேன், பின்னால் வருவேன். ரிவர்ஸ் மட்டும் பிடிபடவே இல்லை. பிடிபடாததை விட்டுவிடுகிற ஆளா நான்? விடிந்தால் ஏறுவேன், இருட்டினால் இறங்குவேன். உங்கள் அத்தை ஜன்னலில் நின்றுகொண்டு, "லாரிக்காரனே தேவலாம், அவன் ஒரு தடவையோட போயிடுவான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தெருவை மூடினார்கள், பிள்ளைகள் நடுத்தெருவில் பந்தாட வந்துவிட்டார்கள், நானும் காருக்குப் போர்வை போட்டுவிட்டேன்.

சோதனை மாதம் முடிந்து நேற்றுக் கூட்டம். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். பொறியாளர் எழுந்து, "மூடின தெருவுல முன்னாடி ஓடின வண்டியில பாதிதான் உங்க தெருவுக்கு வந்திருக்கு. மீதிப் பாதி எந்தத் தெருவுலயும் இல்ல! ஜனங்க நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. போக்குவரத்து ஆவியாயிடுச்சு!" என்றார். மாப்பிள்ளை, அந்த ஆவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. உங்கள் அத்தை என் தொடையைக் கிள்ளி, "வாயத் திறந்தீங்க, அவ்வளவுதான்" என்றாள். திறப்பேனா? முதலில் கைதட்டியவனே நான்தான். மருந்துக்கடைக்காரர்கூட என் கையைக் குலுக்கினார்.

இன்று மத்தியானம் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினாள். குறட்டை சமையலறை வரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தெருவை வென்ற உங்கள் மாமனார்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். இன்று காலை தெருவின் இரு முனையிலும் இரும்புத் தூண் நட்டுக் கான்கிரீட் ஊற்றினார்கள். அதற்கு முன் மேஸ்திரி வந்து, "உள்ள வண்டி ஏதாவது நிக்குதா சார்?" என்று கேட்கத்தான் செய்தார். போக்குவரத்தே ஆவியாகிவிட்டது என்று நேற்றுக் கைதட்டிய நான், இன்று கார் இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் பஸ்ஸிலேயே வாருங்கள். காரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது இனி எங்கேயும் போகாது.