நத்ஸரேனோவின் கையெழுத்து

காஸ்தெல்வோர்னோ,
ஏப்ரல் 23

அன்புள்ள ராயா அக்காவுக்கு,

மெர்வி எழுதுவது. நான் நலம் என்றுதான் இங்குள்ள மருத்துவர் சொல்கிறார். தம்பேரேயில் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், ஏரியில் பனி உருகியிருக்கும், உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதைக்குக் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். இனி என் கதை.

போன மாதம் தொலைபேசியில் "வீடு என்ன ஆச்சு?" என்று கேட்டாய். "ஆகிக்கிட்டிருக்கு" என்றேன். அது பொய். அப்போது எதுவும் ஆகிக்கொண்டிருக்கவில்லை. படம் அனுப்பியிருந்தேனே, அதே வீடுதான்: கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு, பின்னால் நாற்பது ஆலிவ் மரங்கள் நிற்கும் சரிவு. இப்போது நான் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், ஜூன் முப்பதுக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடத்தில் இது மூன்றாவது காலி. ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்குத் தன் புத்தகங்களை இன்னொரு முறை பெட்டியில் கட்டாமல் இருக்கும் உரிமையாவது வேண்டாமா? நான் வாங்க நினைக்கும் வீடு மிலானில் ஒரு பல் மருத்துவருக்குச் சித்தப்பா வழியில் வந்தது. அவர் வந்து பார்த்ததுகூட இல்லை. முன்பணம் கொடுத்தேன், ஒப்பந்தம் எழுதினேன். வெளிநாட்டுக்காரி என்பதால் வரி எண் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே, வசிப்புச் சான்று எங்கே என்று பத்திரம் எழுதும் நோட்டரி கேட்டாள். எல்லாவற்றையும் ஒரே உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இனித் தடையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பதினோரு நாள் நீடித்தது.

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. விளைநிலத்தோடு சேர்ந்த வீட்டை விற்கும்போது, ஒட்டிய வயலில் தானே பாடுபடும் சொந்தக்காரருக்கு அதே விலையில் வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை உண்டு. அவர் வேண்டாம் என்று எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் தகவல் போய்ச் சேர்ந்து முப்பது நாள் அவர் சும்மா இருக்கவேண்டும். எனக்கு இதைச் சொன்னவர் சர்வேயர் ஸ்கோக்கோ. இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த நிலம் யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். காகிதம் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"அது நத்ஸரேனோ வயல், டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா? நானும் அவனும் ஒரே பெஞ்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒரு வார்த்தை போட்டாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை!"

முதல் ஞாயிறு மழை. இரண்டாம் ஞாயிறு ஸ்கோக்கோவுக்கு ஏதோ ஞானஸ்நானம். மூன்றாம் ஞாயிறு கால்பந்து. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நம் வீட்டில் வளர்த்தார்கள் இல்லையா, அந்த வளர்ப்பின்படி நானே ஒரு கடிதம் தயார் செய்தேன். நல்ல இத்தாலிய மொழியில், பணிவாக, ஒப்பந்த நகல் இணைத்து, பல் மருத்துவரின் கையெழுத்தோடு, ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதைவிட நாகரிகமாக ஒரு மனிதரை அணுக முடியாது என்பது என் எண்ணம்.

அக்கா, இந்த ஊருக்குப் பதிவுத் தபாலில் இரண்டுதான் வரும். ஒன்று வரித்துறை, மற்றொன்று வழக்கு. தபால்காரி அதை அவர் வீட்டில் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. காப்பிக் கடையில், சீட்டாட்டத்தின் நடுவில், பதினைந்து பேர் முன்னால் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவர் நான்கு நாள் உறையைப் பிரிக்கவே இல்லை. கடிதம் வந்த மறுநாளே ரொட்டிக்கடைக்காரி என் ரொட்டியை முகம் பார்க்காமல் கட்டினாள். "நத்ஸரேனோவைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டீங்களாமே? நாலு பேரை மாதிரி நீங்களும் நல்லவங்கன்னு நெனச்சேன்." ஸ்கோக்கோ தலையில் அடித்துக்கொண்டார். "அவன் நாயைச் சுட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பான், டாக்டரம்மா! அந்த வீட்டு வாசல்லேருந்து அவன் வாசல் நூறு அடி. நூறு அடி நடக்கறதுக்கு மச்சேராத்தா டவுனுக்குப் போய் ஸ்டாம்பு ஒட்டுவாங்களா?" உறையைப் பிரித்த அன்று சாயங்காலமே நத்ஸரேனோ காப்பிக் கடையில் எழுந்து நின்று, அந்த வீட்டைத் தானே வாங்கப்போவதாக அறிவித்துவிட்டார். அவருடைய சொந்தத் தொழுவத்துக்குக் கூரை கிடையாது. பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி மேலே டயர்களை வைத்திருக்கிறார். ஆனால் அறிவிப்பு அறிவிப்புதான்.

ஆகவே நூறு அடி நடந்தேன். ஏலக்காய் கேக் செய்து கொண்டுபோனேன். அவர் மனைவி பியெரினா அதை வாங்கி, முகர்ந்து, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். உட்காரச் சொன்னார்கள். வாய் திறந்து விஷயத்தைத் தொடங்கினேன். "சாப்பாட்டு மேசையில காகிதம் பேசக் கூடாது" என்றார் நத்ஸரேனோ. காட்டுப் பெருஞ்சீரகம் போட்ட முயல்கறி வந்தது. சாப்பிட்டு முடித்ததும் தொடங்கினேன். "வயிறு நெறஞ்சிருக்கறப்ப காகிதம் பேசக் கூடாது" என்றார். பட்டம் வாங்கிய எவரையும் இங்கே டாக்டர் என்பார்கள். நான் வேளாண் கல்லூரி நூலகத்தில் பட்டியல் தயாரிக்கிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேளாமல், கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். "இதைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்க, டாக்டரம்மா. மழைக்கு முந்தி இங்கே குத்துது." அழுத்திப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது முறை போனேன். ஒரு முறை எல்லைக் கல்லைக் காட்டினார். 1961-இல் பல் மருத்துவரின் சித்தப்பா அதை ஒரு சாண் நகர்த்தினாராம், அதற்கு இப்போது நான் பதில் சொல்லவேண்டுமாம். ஒரு முறை நிபந்தனைகள் வந்தன: வேலி போடக் கூடாது, கடைக்குப் போகிற குறுக்கு வழி என் முற்றத்தின் ஊடாகவே இருக்கவேண்டும், அத்திமரத்தின் மேற்குக் கிளையில் காய்ப்பதெல்லாம் அவருக்கு. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மறக்காமல் இருக்கக் குறித்துக்கொண்டேன். குறித்ததைப் பார்த்ததும் மறுபடி கோபம். "எழுதறாங்க பாரு! போலீசு மாதிரி எழுதறாங்க பாரு!" பியெரினா ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டு காலியானால் நிரப்புவாள். நான் உப்பு சரியாக இருக்கிறது என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

முந்தாநாள், கடிதம் சேர்ந்த இருபத்தேழாம் நாள், அவர் நான்காவது முறையாகக் கால்சட்டையைச் சுருட்டியபோது எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நான் கத்துகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா இறந்தபோதுகூட நான் கத்தவில்லை. மேசையை ஓங்கித் தட்டினேன், குவளை உருண்டது. "எனக்கு உங்க வயலும் வேண்டாம், உங்க அத்திக்காயும் வேண்டாம், உங்க முழங்கால் எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன! இருக்க ஒரு வீடு வேணும்! அவ்வளவுதான் கேக்கறேன்! போற எடமெல்லாம் பொட்டி கட்டி முடியல எனக்கு!" என்று இத்தாலிய மொழியில் தொடங்கி நம் பின்னிய மொழியில் முடித்தேன்.

நத்ஸரேனோ கால்சட்டையை மெதுவாக இறக்கிவிட்டார். "இப்பத்தான் மனுஷி மாதிரி பேசறே" என்றார். 'ங்க' போய்விட்டது. "இதை மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்குமே? பியெரினா, பேனா எடு."

கையெழுத்துப் போட்டார், அக்கா. பெயரை முழுதாக, தந்தை பெயரோடு. வீட்டுக்கு வந்து காரில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன். அதை யாரிடமும் சொல்லாதே. வரும் வியாழக்கிழமை நோட்டரி முன்னால் பத்திரம். ஜூலையில் நீயும் அத்தானும் வரவேண்டும். உங்களுக்கு வாடகைக்கு இருப்பவளாக அல்ல, சொந்த வீட்டுக்காரியாகச் சோறு போடுவேன். இத்தாலியில் வீடு வாங்க ஆசைப்படும் உன் தோழிகளிடம் சொல்: பொறுமை வேண்டும், வயிறும் வேண்டும், ஆனால் முடியும். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உன் கண்ணாடி எங்கே வைத்திருந்தாலும் அது கிடைக்கட்டும்.

என்றும் அன்புள்ள,
மெர்வி

பின்குறிப்பு (ஏப்ரல் 26): முந்தாநாள் ஞாயிறு, நேற்று அரசு விடுமுறை, தபால் நிலையம் பூட்டியிருந்தது. அதனால் இந்தக் கடிதம் இன்னும் என் கையில் இருக்கிறது. இன்று காலை ஸ்கோக்கோ வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பத்திரம் எழுதுவதற்காக நில ஆவணத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்திருக்கிறார். "சின்னச் சங்கதி, டாக்டரம்மா. அந்த வயல் நத்ஸரேனோது இல்ல. பியெரினாவுக்கு அவ அப்பா கொடுத்தது. விவசாயின்னு பதிஞ்சிருக்கறதும் அவ பேருதான். முப்பது நாள் கணக்கு இனிமேத்தான் ஆரம்பம்."

நூறு அடியை ஓடியே கடந்தேன். பியெரினா கோழிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். "ஒம்பது தடவை என் சமையலைச் சாப்பிட்டே. நெலம் யாருதுன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? அவரும் கேக்கல, அந்த ஸ்கோக்கோவும் கேக்கல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, கையெழுத்துப் போடுவாளா என்று கேட்டேன்.

"மாட்டேன். வீட்டை நானே வாங்கறேன். தபால் ஆபீசுல பணம் போட்டு வச்சிருக்கேன், எங்கப்பா வித்த மாட்டுக் காசிலேருந்து. நாப்பத்து மூணு வருஷம் அந்த மனுஷன் பேச்சைக் கேட்டாச்சு. நூறு அடி தள்ளிப் போனாப் போதும் எனக்கு."

"அப்ப நான்?"

"மாடி ரெண்டு ரூமும் நீ எடுத்துக்க. யாரும் உன்னைக் காலி பண்ணச் சொல்லமாட்டாங்க. நீ அதிகம் பேசமாட்டே, அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அக்கா, நான் சரி என்று சொல்லிவிட்டேன். மாடிச் சுவருக்கு என்ன வண்ணம் வேண்டும் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். மஞ்சள் வாங்கி வைத்தாயிற்று என்றாள். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"மூணு வாரம் ஆச்சு."